விவாகரத்தில் பிரியாத கொட்டகை

ஆர்டிஸுக்கும் அவள் புருஷன் வெர்லினுக்கும் விவாகரத்து எழுதிக் கொடுத்த நீதிபதிக்கு மீன் பிடிக்கிற பழக்கம் இல்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான். வீடு அவளுக்கு, படகு அவனுக்கு, பியானோ அவளுக்கு, பிக்கப் வண்டி அவனுக்கு என்று அந்த மனுஷர் மளமளவென்று பிரித்துக்கொண்டே வந்தார். நாய் விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நாயே சலித்துப்போய் என் கடைக்கு வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பட்டியலின் அடியில் 'மீன்பிடிக் கொட்டகை, ஒன்று' என்று இருந்தது. அது யாருக்கு என்று நீதிபதி கேட்க, இருவரும் ஒரே மூச்சில் தனக்கு என்றார்கள். எட்டடிக்குப் பன்னிரண்டடி பலகைக் கூண்டுக்கு ஏன் இந்த அடிதடி என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் அவள், ஒரு வாரம் அவன், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கைமாற்றம் என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் பெர்னி. மிட்டன் ஏரிக்கரையில் இரைக் கடை வைத்திருக்கிறேன். உயிரோடு பொடிமீன், புழு, தூண்டில் சாமான், வாயில் வைக்க முடியாத காபி, இவ்வளவுதான் சரக்கு. ஆர்டிஸும் வெர்லினும் என்னோடு பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் கையிலிருந்து மற்றவர் சாவி வாங்க மாட்டோம் என்று இருவரும் சொல்லிவிட்டதால், கொட்டகையின் பூட்டுச் சாவி என் கல்லாவுக்கு மேல் ஆணியில் தொங்க ஆரம்பித்தது.

கொட்டகை பெரிதல்ல, அது நிற்கிற இடம்தான் பெரிது. ஏரி உறைந்து வண்டி தாங்குகிற அளவுக்கு இறுகியதும் டிசம்பரில் அதை இழுத்துக்கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தி, உள்ளே தரையில் ஐஸைத் துளைத்துத் தூண்டில் விடுவார்கள். கீழே இருபத்தெட்டு அடி தண்ணீர். அதில் பாதிக்குச் சற்றுக் கீழே கிராப்பி மீன்கள் கூட்டமாக அந்தரத்தில் நிற்கும். பகல் முழுக்க அசையாது. பொழுது சாய்கிற இரண்டு மூன்று மணி நேரத்தில் மட்டும் பசி வந்து கடிக்கும். கல்யாணமான மூன்றாம் வருஷம் இருவரும் சேர்ந்து ஐஸில் நூற்றுப் பதினேழு துளை போட்டுத் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. பிள்ளை இல்லை. அந்த இடம்தான் இருந்தது.

வெர்லின் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். சத்தமான ஆள், எதையும் வெடுக்கென்று இழுக்கிற ஆள். கிராப்பியின் வாய் காகிதம் போல மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். வெர்லின் கிழித்த உதடுகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு கம்பளியே தேறும். ஆர்டிஸ் லூத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டினால் போதகர் ஆமென் சொல்லும்வரை காத்திருக்க மாட்டாள், கடைசிப் பாட்டைத் தொடங்கிவிடுவாள். அவள் தூண்டிலைத் தூக்குவது ஆர்கன் கட்டையில் விரல் வைப்பது மாதிரி இருக்கும். மீனுக்கே தான் மேலே போய்க்கொண்டிருப்பது தெரியாது.

ஆனாலும் என் கடைச் சுவரில் பாடம் செய்து மாட்டியிருந்த மீன் வெர்லினுடையது. பதினைந்தரை அங்குலம். மிட்டன் ஏரியில் அதைவிடப் பெரிய கிராப்பியை யாரும் பிடித்ததில்லை. கீழே பித்தளைத் தகட்டில் அவன் பெயர். கடைக்குப் புதிதாக யார் வந்தாலும், அவன் அங்கே இருந்தால், அந்த மீனின் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. பதினொரு வருஷமாக அப்படித்தான்.

அவர்கள் பிரிந்ததும் அந்தக் கதையை அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான். இங்வால்ட் கிழவர் செத்து, அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. வெர்லின் தட்டு நிறைய உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை வைத்துக்கொண்டு கிழவரின் மருமகனிடம் மீன் கதையைத் தொடங்கினான். ஆர்டிஸ் தட்டைக் கீழே வைத்தாள், கோட்டை எடுத்தாள், வெளியே போனாள். வெளியே பிணவண்டிக்குப் பக்கத்தில் லோவெல் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், மெழுகு மாதிரி சாந்தமான குரல். தன்னை வீட்டில் விட முடியுமா என்று கேட்டாள். பிணவண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். மறுவாரம் வழக்கறிஞரைப் பார்த்தாள். சவப்பெட்டி விற்கிறவன் தன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று வெர்லின் ஊர் முழுக்கச் சொன்னான். உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.

முதல் குளிர்காலம் போர்க்களமாகத்தான் போனது. வெர்லின் தன் வாரம் முடியும்போது தின்று மிச்சம் வைத்த மத்தி டப்பாவை ஹீட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுப் போவான். ஆர்டிஸ் தன் வாரம் முடியும்போது அவன் உட்காருகிற வாளியின் மெத்தையை நனைத்து, உறையவிட்டு, அதே இடத்தில் அழகாக வைத்துவிட்டுப் போவாள். புகாரெல்லாம் என் கடைக்குத்தான் வரும். நான் காபி ஊற்றிக் கொடுப்பேன். அதைக் குடித்ததும் இருவருமே பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாம் குளிர்காலத்தில்தான் கதவு விஷயம் வந்தது. கொட்டகையின் கதவு, மூடிப்போன ஒரு மளிகைக் கடையின் குளிர் அறைக் கதவு. நாலு அங்குல கனம், குளிரை உள்ளே வைக்கச் செய்தது, நாங்கள் வெளியே வைக்கப் பயன்படுத்துகிறோம். சாத்தினால் வெளியே தாழ் தானாக விழும். உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு, தள்ளினால் தாழ் விடுபடும். அந்தக் கதவைத் தான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியதாகவும், அதனால் அது தன் தனிச் சொத்து என்றும் வெர்லினுக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. கதவைக் கழற்றினால் தனக்கும் குளிரும் என்பதால் குமிழை மட்டும் திருகி எடுத்துக்கொண்டான். அவன் வாரத்தில் குமிழ் இருக்கும். அவள் வாரத்தில் இருக்காது. அவள் ஒரு விறகுத் துண்டைக் கதவிடுக்கில் செருகிவைத்துக்கொண்டு, உள்ளே வருகிற காற்றைச் சபித்துக்கொண்டே மீன் பிடித்தாள்.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. எங்கள் மாநில அணிக்கு அன்று பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் வெளியே. ஏரியில் மற்றக் கொட்டகைகள் எல்லாம் இருட்டு, ஆட்கள் எல்லாம் டிவி முன்னால். ஆர்டிஸின் வாரம் அன்று முடிகிறது. வெர்லின் மூன்றரைக்கே கடைக்கு வந்து ஆணியைப் பார்த்தான். சாவி வரவில்லை. நாலு மணி ஆனது. நாலு பத்து ஆனது. இது கோர்ட் அவமதிப்பு என்று சொல்லிவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க ஏரிக்குள் வண்டியை விட்டான். நான் டிவியிலிருந்து நிமிரவில்லை. எங்கள் அணி அப்போது முன்னிலையில் இருந்தது, அது அடிக்கடி பார்க்கிற காட்சி அல்ல.

அடுத்து நடந்ததை மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் சொல்கிறேன்.

கொட்டகையில் ஆர்டிஸும் லோவெலும் இருந்தார்கள். அந்தப் பிணவண்டிப் பயணத்திலிருந்தே லோவெல் அவளோடு பழகிவந்தார். சாமான்களைத் தூக்க உதவத்தான் வந்திருந்தார், மீனில் அவருக்கு நாட்டமில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆர்டிஸ் அவருக்கு மீன்பிடி உரிமம் வாங்கிக் கொடுத்திருந்தாள், அதைப் பர்ஸில் பிரார்த்தனைச் சீட்டு மாதிரி மடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். நாலு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டியவர்கள். ஆனால் மூன்றே முக்காலுக்கு மீன் காட்டும் கருவியில் கிராப்பிக் கூட்டம் கொட்டகைக்கு அடியில் வந்து நிற்பதை ஆர்டிஸ் பார்த்துவிட்டாள். ஊர் எரிந்தாலும் அவள் எழுந்திருக்கிற நேரம் அல்ல அது.

வெர்லின் கதவை இழுத்தான். விறகுத் துண்டு காலில் தட்டியது. அதை வெளியே உதைத்தான். உள்ளே வந்து, தன் கோபம் எவ்வளவு என்று காட்ட, கதவைப் படாரென்று சாத்தினான்.

தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

"குமிழ் எங்கே?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"வண்டியில."

"உன் வண்டி எங்கே?"

"வெளிய."

கொட்டகைக்கு ஒரே ஜன்னல், பழைய பள்ளிப் பேருந்திலிருந்து எடுத்தது, அதன் வழியே பூனை மட்டும்தான் போகலாம். ஆர்டிஸின் போன் குளிரில் செத்திருந்தது. வெர்லினின் போன் குமிழோடு வண்டியில் இருந்தது. லோவெல் ஞாயிற்றுக்கிழமை போனைக் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறவர், ஞாயிறு செத்தவர்கள் திங்கள்வரை பொறுப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். அவர்தான் சாந்தமாகச் சொன்னார், பனி துளைக்கிற இயந்திரம் இருக்கிறதே, அதை வைத்துச் சுவரில் ஓட்டை போட்டால் என்ன என்று. ஆர்டிஸும் வெர்லினும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஹீட்டரில் எரிவாயு நிறைய இருந்தது, ஜன்னலை நாலு விரல் திறந்துவைத்தார்கள், ஆகவே சாகிற பயம் இல்லை. வெர்லின் மட்டும், செத்தாலும் கவலையில்லை, பெட்டிக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார், வண்டிக் கூலி மிச்சம் என்றான். லோவெல் அதற்குக் கோபப்படவில்லை. உங்கள் அளவு எனக்குத் தெரியும், அகலமான பெட்டிதான் வேண்டும், சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்றார். வெர்லின் அன்று சாயங்காலம் முதல்முறையாக வாயை மூடினான்.

அப்போது கடிக்க ஆரம்பித்தது.

கிராப்பி கடித்தால் தக்கை எப்போதும் உள்ளே போகாது. கீழேயிருந்து இரையைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், தக்கை லேசாக எழும்பிப் பக்கவாட்டில் சாயும். தெரியாதவன் காற்று என்று நினைப்பான். ஆர்டிஸ் தூக்கினாள், மீன் வந்தது. இரண்டாவது துளையில் தக்கை சாய்ந்தது. அவள் கை நிறைய வேலை, வெர்லின் பக்கத்தில் சும்மா நிற்கிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் மீனை அவன் பக்கம் நீட்டினாள், அவன் ஒன்றும் சொல்லாமல் முள்ளிலிருந்து எடுத்துப் புது இரை கோத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அப்படியே போனது. அவள் தூக்குவாள், அவன் கழற்றுவான், அவன் ஜல்லிக் கரண்டியால் துளையில் ஐஸ் பொருக்கை அள்ளுவான், அவள் இரையை விடுவாள். இருபத்தாறு வருஷம் சேர்ந்து குடித்தனம் செய்தவர்களின் கை அது. அதற்குக் கோர்ட் தீர்ப்பு எட்டவில்லை.

லோவெல் வாளிமேல் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபதாவது மீன் வந்ததும் ஆர்டிஸ் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டாள். ஆளுக்குப் பத்துதான் சட்டம். கீழே இன்னும் கூட்டம் நிற்கிறது, கருவியில் சிவப்புக் கோடாக மின்னுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் லோவெலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய உரிமத்தில் இன்னும் பத்து மீன் பாக்கி.

அந்தப் பார்வையைப் பற்றி லோவெல் பிறகு என்னிடம் சொன்னார், முப்பது வருஷத் தொழிலில் சொத்தை எதிர்பார்த்துப் பிணம் பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம்கூட அப்படி ஒரு பசியைக் கண்டதில்லை என்று.

அவர் கையில் தூண்டிலைக் கொடுத்தார்கள். இருவரும் இரண்டு காதிலும் கத்தினார்கள். இழு என்றான் இவன், இழுக்காதே என்றாள் அவள். முதல் மூன்று மீன் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. பிறகு லோவெல், தயவுசெய்து இரண்டு பேரும் வெளியே... என்று ஆரம்பித்து, அது முடியாது என்பது ஞாபகம் வந்து, கண்ணை மூடிக்கொண்டார். பிணத்துக்குக் கழுத்துப் பட்டி கட்டுகிற கை அவருடையது, மெதுவான கை. நாலாவது மீன் சத்தமில்லாமல் மேலே வந்தது. ஐந்தாவதும். அதற்கப்புறம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறரைக்கு ஆட்டம் முடிந்தது. எங்கள் அணி கடைசி நிமிஷத்தில் தோற்றது, வழக்கம்போல. டிவியை அணைத்துவிட்டு ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏரியில் ஒரே ஒரு வெளிச்சம். இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அந்த இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் இருக்கிறார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. யார் யாரைக் கொன்றிருப்பார்கள், நான் எந்தப் பக்கம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். கொட்டகை முன்னால் வெர்லினின் பிக்கப், பக்கத்தில் பிணவண்டி. பிணவண்டி ஏற்கெனவே வந்துவிட்டதைப் பார்த்ததும் காரியம் முடிந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். இன்ஜினை அணைக்கவில்லை, போனை வண்டியிலேயே போட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கதவைத் திறந்தேன். மூன்று முதுகுகள். யாரும் திரும்பவில்லை.

"கதவைச் சாத்து பெர்னி, குளிர் வருது," என்றாள் ஆர்டிஸ்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் கேட்ட வார்த்தை அது. கை தானாகச் சாத்தியது. தாழ் விழுந்தது. அப்போதுதான் மூன்று தலைகளும் மெதுவாகத் திரும்பின.

"குமிழ் வண்டியில இருக்கு," என்றான் வெர்லின், எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி.

அவர்களை நான் திட்டவில்லை. திட்டுவதற்கு முன்னால் லோவெலின் தக்கை எழும்பிச் சாய்ந்தது. அவர் தூக்கினார். கோல் வளைந்த விதத்திலேயே நாங்கள் மூவரும் துளைமேல் குனிந்தோம். துளைக்குள் தட்டு மாதிரி ஒரு விலா புரண்டது. ஆர்டிஸ் மண்டியிட்டுக் கையை மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டு அதை அள்ளிப் போட்டாள். கறுப்பும் வெள்ளியுமாக, என் முன்கை நீளத்தில் கிடந்தது. நான் அளவுப் பட்டையை எடுத்து வைத்தேன். பதினைந்தே முக்கால் அங்குலம். இரண்டு முறை அளந்தேன்.

லோவெலின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. மனுஷர் வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெர்லின் மீனையே பார்த்தான். "பதினோரு வருஷமா என் ரெக்கார்டு," என்றான். "ஒரு பெட்டிக்காரன்கிட்ட போகுது."

"உன் ரெக்கார்டா?" என்றாள் ஆர்டிஸ்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வெர்லின் சரியாக எரிந்துகொண்டிருந்த ஹீட்டரைத் திருகப் போனான். லோவெல் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இறந்தவர் கடைசியாக எதையாவது சொன்னாரா என்று உறவினர்களிடம் கேட்கிற அந்தக் குரலில் கேட்டார்: "வெர்லின், பெர்னி கடைச் சுவர்ல இருக்கிற மீனைப் பிடிச்சது யாரு?"

போக இடமில்லை. கதவும் அவனுடையது, குமிழும் அவனுடையது.

"நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்," என்றான் வெர்லின்.

அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. அன்று அவன் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பியபோது மீன் ஐஸ்மேல் துள்ளிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் ஓடிவந்து, முதலில் கண்ணில் பட்ட வெர்லினின் முதுகில் தட்டினார்கள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லலாம் என்று நினைப்பதற்குள் கடைக்கு வந்துவிட்டார்கள், கடையில் நான் நோட்டைத் திறந்து அவன் பெயரை எழுதிவிட்டேன். யார் பிடித்தது என்று நானும் கேட்கவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. அந்தக் கொட்டகையில் நின்றபோது என் காது சுட்டது, ஹீட்டரால் அல்ல.

"நீயும் அன்னிக்குச் சிரிச்சியே," என்றான் வெர்லின்.

"சிரிச்சேன். ஒரு நாள் சிரிக்கலாம். அதுக்குன்னு பதினோரு வருஷம் சிரிச்சுட்டே இருக்கணுமா? நீ முதல்ல ஊருக்குப் பொய் சொன்னே. அப்புறம் என்கிட்டயே வந்து அந்தக் கதையைச் சொன்னே, எப்படித் தூக்கினே, எப்படிக் கை நடுங்குச்சுன்னு. அது என் கை வெர்லின். நடுங்கினது என் கை. இங்வால்ட் அடக்கச் சாப்பாட்டுல நீ அதைச் சொல்லும்போது நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். அப்பதான் எழுந்து போனேன்."

வெர்லின் வெகு நேரம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தான். "இதுக்காகவா வீட்டை விட்டுப் போனே?"

"வீடு என்கிட்டதான் இருக்கு. நீதான் போனே," என்றாள் அவள்.

அது சரிதானே என்று லோவெல் தலையசைத்தார். அவர் தக்கை மறுபடி சாய்ந்தது, ஆனால் சொல்ல மனமில்லாமல் நாங்கள் விட்டுவிட்டோம்.

ஏழு மணிக்கு மேல், என் வண்டியின் முகப்பு விளக்கு ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்து மீன்வளத் துறை அதிகாரி வந்தார். வாழ்க்கையில் அந்தத் துறை ஆளைக் கண்டு நான் மகிழ்ந்தது அன்று ஒரு நாள்தான். எங்களைக் காப்பாற்றிய கையோடு மீனை எண்ணினார். இருபத்தொன்பது. உரிமங்களைப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு பேனாவை எடுத்து, கொட்டகை யாருடையது என்று கேட்டார். இருவரும் ஒரே மூச்சில் தன்னுடையது என்றார்கள். அவர் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு வாளியை அண்டக் கொடுத்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் காலை வெர்லின் திருப்புளியோடு கடைக்கு வந்தான். தகட்டைக் கழற்றி அவள் பெயரைப் பொறிக்கப் போவதாகச் சொன்னான். அவளைக் கேட்டுச் செய் என்றேன். அவளோ வேண்டாம் என்றுவிட்டாள். மீன் அங்கேயே இருக்கட்டும், தகடும் அப்படியே இருக்கட்டும், ஆனால் யார் வந்து பார்த்தாலும் வெர்லின்தான் கதையைச் சொல்ல வேண்டும், முழுசாக, ஒண்ணுக்குப் போனது உட்பட. அதுதான் அவள் விதித்த தண்டனை.

தண்டனை என்று அவள் நினைத்தாள். வெர்லினுக்கு அது பரிசாகிவிட்டது. இரண்டே வாரத்தில் பழைய கதையைவிடப் புதியது நன்றாக எடுபடுகிறது என்று கண்டுகொண்டான். இப்போது அவன் சொல்கிற கதையில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது, அவன் போட்டிருந்த கால்சட்டை நாலு, ஒவ்வொன்றின் பித்தானும் உறைந்திருந்தது, அவன் பாடு பட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஆர்டிஸ் சரித்திரம் படைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து ஆட்கள் என் காபியைக்கூடக் குடித்துவிடுகிறார்கள். ஆர்டிஸ் ஒரு முறை கடைக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டாள். உள்ளே வந்து, அது மூன்று கால்சட்டை என்று திருத்திவிட்டுப் போனாள்.

லோவெலின் கதைதான் வேறு மாதிரி போனது. அந்த மனுஷருக்குப் பேய் பிடித்துவிட்டது. புதிதாகத் தூண்டில் ஆறு, மீன் காட்டும் கருவி, இருட்டில் ஒளிர்கிற ஈய முள் நூறு வாங்கினார். பிணவண்டியிலேயே ஏரிக்கு வருவார், சாமான் வைக்க வசதி என்று. அது ஐஸ்மேல் மெதுவாகப் போகும்போது மற்றவர்கள் கொட்டகையிலிருந்து வெளியே வந்து தொப்பியைக் கழற்றுவார்கள், பிறகு உள்ளே லோவெல் பொடிமீன் வாளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். அடக்கங்களைக் காலை பதினொரு மணிக்கு மேல் வைக்க மறுத்தார். பிப்ரவரிக் கடைசியில் ஒரு நாள், ஆர்டிஸ் பியானோவில் அவருக்காக ஒன்று வாசித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் நிறுத்தி, தண்ணீர் கலங்கினால் மீன் இன்னும் இரண்டடி மேலே வருமா என்று கேட்டிருக்கிறார். அவள் பியானோவை மூடினாள். சண்டை ஒன்றும் இல்லை, அவர்கள் பழக்கம் அதோடு முடிந்தது. ஒரு கிராப்பிப் பைத்தியத்திடமிருந்து தப்பித்துவந்தது இன்னொன்றைத் தயார் பண்ணுவதற்கு அல்ல என்று என்னிடம் சொன்னாள். லோவெல் வருத்தப்பட்டார், உண்மையாகவே. ஒரு வாரம் வருத்தப்பட்டார். அடுத்த வாரம் வெர்லினின் வாரம். வெர்லின் அவருக்கு இடம் கொடுத்தான்.

இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது ஆர்டிஸ் என் கடையில் மடக்குக் கூடாரம் ஒன்று வாங்கினாள், சிவப்பு நிறம், ஒரு ஆள் உட்காருகிற அளவு. கொட்டகையை அந்த இரண்டு ஆம்பிளைகளும் வைத்துக்கொள்ளட்டும், சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிடு என்றாள். தன் கூடாரத்தை அவர்களிடமிருந்து நாற்பதடி தள்ளிப் போட்டிருக்கிறாள். வெர்லினுக்கு அந்த இடம் புரியவே இல்லை, அங்கே ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தான். முதல் வாரத்திலேயே அவள் இவர்களைவிட இரண்டு மடங்கு பிடித்தாள்.

போன வியாழன் பொழுது சாய்கிற நேரம் நான் அவளுக்குப் பொடிமீன் கொண்டுபோயிருந்தேன். கூடாரத்துக்குள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி நறநறவென்று நொறுங்கியது, ஒரு காலடி துணிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"ஆர்டிஸ், எத்தனை அடியில பிடிக்கிறே?" என்று வெர்லினின் குரல் கேட்டது.

"பன்னெண்டு," என்றாள் அவள்.

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவள் இரை பத்தொன்பது அடியில் நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு காலடி, மெதுவான காலடி. லோவெல் அதே கேள்வியை மரியாதையாகக் கேட்டார். பத்தொன்பது என்று அவரிடம் உண்மையைச் சொன்னாள்.

"அவர் போய் வெர்லின்கிட்ட சொல்லிட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டார்," என்றாள், தூண்டிலைத் தூக்கிக்கொண்டே. "இப்ப அவரும் மீன் பிடிக்கிறவர்."